கழல மறுக்கும் காலிப்பர் போல்ட்

கேள்வி: என் காரின் முன்சக்கரங்களுக்கு பிரேக் டிஸ்க், பேட் இரண்டையும் நானே மாற்ற முடிவு செய்து இடப்பக்கத்தில் தொடங்கினேன். பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றும்போதே ஒரு கைடு பின் (காலிப்பர் நகர்வதற்கான தண்டு) போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. எப்படியோ எடுத்துவிட்டேன். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் இரண்டு 17 மி.மீ. போல்ட்டுகளில் கீழ் போல்ட் வந்துவிட்டது, மேல் போல்ட் அசையவே இல்லை. துரு இளக்கும் ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் விட்டு, ராட்செட் கைப்பிடியில் குழாய் செருகி இழுத்தேன். சாக்கெட் வழுக்கி, போல்ட் தலையின் முனைகள் கொஞ்சம் மழுங்கிவிட்டன. இனி கேஸ் டார்ச்சால் சூடாக்கலாமா, அல்லது தலையை வெட்டி எடுத்துவிடலாமா? வலப்பக்கத்தை இன்னும் தொடவில்லை.

பதில்: டார்ச்சையும் கிரைண்டரையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஸ்பிரேக்குப் பத்து நிமிடம் போதாது. ராட்செட் இந்த வேலைக்கான கருவியே அல்ல. அதில் குழாய் செருகினால் உள்ளே இருக்கும் சிறு பற்கள்தான் உடையும். தலை கொஞ்சம் மழுங்கியதோடு நின்றிருக்கிறது என்பது நல்ல செய்தி. போல்ட்டை இன்னும் காப்பாற்றலாம்.

எல்லாவற்றுக்கும் முன் திசையைச் சரிபாருங்கள். பிராக்கெட் போல்ட்டின் தலை காரின் உட்பக்கம் பார்த்து இருக்கும். நீங்களோ வெளிப்பக்கம் உட்கார்ந்து, டிஸ்க்குக்குப் பின்னால் கையை விட்டு வேலை செய்கிறீர்கள். தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். அதே அசைவு உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிக்கொண்டே போனவர்கள் ஏராளம். கழன்றுவிட்ட கீழ் போல்ட்டைக் கையால் இரண்டு சுற்று மாட்டி, திரும்பக் கழற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் கை போகிறது என்று உடம்புக்கே பிடிபட்டுவிடும்.

அடுத்து, போல்ட் ஏன் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவதால்தான் தலை மழுங்குகிறது, போல்ட் உடைகிறது. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: துரு, போல்ட் தளராமல் இருக்கத் தொழிற்சாலையில் மரையில் தடவிய லாக் பசை, முன்பு யாரோ இம்பாக்ட் கன்னால் (அடித்து அடித்துத் திருப்பும் கருவி) அளவுக்கு மீறி இறுக்கியது. மூன்றுக்கும் வைத்தியம் வெவ்வேறு. துருவுக்கு எண்ணெயும் நேரமும் தட்டலும் வேண்டும். லாக் பசைக்கு எண்ணெய் ஊற்றுவது வீண், அது வெப்பத்துக்குத்தான் இளகும். அதிக இறுக்கத்துக்கு நீளமான கைப்பிடி ஒன்றே போதும்.

உங்கள் கையில் சாட்சி ஒன்று இருக்கிறது, கழன்று வந்த கீழ் போல்ட். அதன் மரையைப் பாருங்கள். நீலம், சிவப்பு, பச்சை என்று ஏதாவது நிறத்தில் உலர்ந்த பொடியோ படலமோ ஒட்டியிருந்தால் அது லாக் பசை; மேல் போல்ட்டிலும் அதே இருக்கும். பழுப்புத் துரு அப்பியிருந்தால் மேலேயும் துருதான். மரை சுத்தமாகப் பளிச்சென்று இருந்து, வண்டி ஏற்கெனவே ஒருமுறை பிரேக் வேலைக்குப் போய் வந்திருந்தால் அதிக இறுக்கத்தைச் சந்தேகிக்கலாம். நக்கிள், அதாவது சக்கரத்தையும் பிராக்கெட்டையும் தாங்கும் பாகம், அலுமினியமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. எஃகு போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடியாக அரிப்பு உண்டாகி, போல்ட்டின் தண்டை ஓட்டைக்குள்ளேயே இறுகப் பிடித்துக்கொள்ளும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் நக்கிள் எந்த உலோகம் என்பது தெரிந்துவிடும்.

துரு என்று வைத்துக்கொள்வோம், அதுதான் அடிக்கடி நடப்பது. எண்ணெய் அடிக்கும் முன் கம்பி பிரஷ்ஷை எடுங்கள். பெரும்பாலான கார்களில் இந்தப் போல்ட் நக்கிளின் மரையில்லாத ஓட்டை வழியாக வந்து, பிராக்கெட்டில் இருக்கும் மரையில் ஏறும். அதன் வால்முனை பல வண்டிகளில் மறுபக்கம் சில மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே இருக்கும் அந்த மரையில்தான் துரு அதிகம். போல்ட்டைக் கழற்றும்போது அத்தனை துருவும் நல்ல மரைக்குள் இழுபட்டுப் போகும். முதல் சுற்று நன்றாக வந்த போல்ட் பாதியில் இறுகி முறிவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆகவே வால்முனையை உலோகம் தெரியும்வரை தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். தலையின் ஆறு பட்டைகளில் இருக்கும் துருவையும் சுரண்டி எடுங்கள், அப்போதுதான் சாக்கெட் அடிவரை உட்காரும்.

பிறகு ஸ்பிரே. தலைக்கு அடியிலும், நக்கிளும் பிராக்கெட்டும் சேரும் இடுக்கிலும், வால்முனையிலும் அடியுங்கள். தலையில் மட்டும் அடித்தால் எண்ணெய் மரைவரை போய்ச் சேராது. சாதாரண ஈரம் நீக்கும் ஸ்பிரேயைவிட, துரு இளக்குவதற்கென்றே விற்பது நன்றாக ஊடுருவும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சம பங்கு கலந்து பயன்படுத்துபவர்களும் உண்டு. வேலை செய்யும். ஆனால் இரண்டும் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், ரப்பரிலும் பெயின்ட்டிலும் படக் கூடாது, பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது. எதை அடித்தாலும் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப அடித்து, இடையிடையே போல்ட் தலையின் நடுவில் அரைக் கிலோ சுத்தியலால் பத்துப் பதினைந்து முறை நேராகத் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், அதிர்வுதான் தேவை. அந்த அதிர்வில் துருவில் மயிரிழை விரிசல் விழுந்து எண்ணெய் உள்ளே இறங்கும். ஒரு இரவு முழுக்க ஊற விட முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. பழைய டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் கவலை இல்லை, அதை எப்படியும் எறியப் போகிறீர்கள். புதிய பேட்டும் டிஸ்க்கும் மட்டும் எட்டத்தில் இருக்கட்டும்.

இப்போது கருவி. 17 மி.மீ. ஆறு பட்டை சாக்கெட் வேண்டும். பன்னிரண்டு பட்டை சாக்கெட்டோ ரிங் ஸ்பேனரோ தலையின் முனைகளை மட்டும் பிடிக்கும். ஆறு பட்டை சாக்கெட் பரந்த பட்டையில் அழுந்தும். உங்களுக்கு வழுக்கியது பன்னிரண்டு பட்டையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கைப்பிடிக்கு ராட்செட் இல்லாத பிரேக்கர் பார், அரை அங்குல டிரைவ், 60 செ.மீ. நீளம். ஏன் அந்த நீளம்? பிராக்கெட் போல்ட்டைத் தொழிற்சாலையில் பொதுவாக 80 முதல் 130 நியூட்டன் மீட்டர் (திருப்பு விசையின் அளவு) வரை இறுக்குவார்கள். துருப் பிடித்த பிறகு கழற்ற அதைப் போல இரண்டு மடங்குகூடத் தேவைப்படலாம். 25 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 40 கிலோ பாரம் கொடுத்தால் சுமார் 100 நியூட்டன் மீட்டர்தான் கிடைக்கும். அதே பாரம் 60 செ.மீ. கம்பியில் 240 ஆகிவிடும். கை அதேதான், கணக்குதான் மாறுகிறது.

இழுப்பதற்கு முன் வண்டி எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். ஜாக்கியின் மேல் மட்டும் நின்றால் இந்த வேலையைத் தொடவே கூடாது. நீங்கள் கொடுக்கும் பலம் வண்டியைப் பக்கவாட்டில் உலுக்கும். சமதளத்தில் ஜாக் ஸ்டாண்டு, பின்சக்கரங்களுக்கு முட்டு, கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பின் அடியில் படுக்க வைப்பது, மூன்றும் வேண்டும். காலிப்பரைக் கம்பியால் சுருள்வில்லில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் அதன் பாரம் இறங்கக் கூடாது. காலிப்பர் இருக்கும் ஓரம் வெளியே வரும் பக்கம் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் கை நுழையவும் பிரேக்கர் பார் கம்பி சுழலவும் இடம் கிடைக்கும். கம்பியை மேல்கீழாக அசையும்படி மாட்டுங்கள். கிடைமட்டமாக இழுத்தால் பாதிப் பலம் ஸ்டியரிங்கைத் திருப்புவதிலேயே போய்விடும். கம்பியின் மேல் ஏறி நிற்பது, கம்பிக்கு அடியில் ஜாக்கி வைத்து ஏற்றுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். போல்ட் கழலாவிட்டால் ஜாக்கி வண்டியையே ஸ்டாண்டிலிருந்து தூக்கிவிடும்.

சாக்கெட் போல்ட்டுக்கு நேர்க்கோட்டில் நிற்கும்படி ஒரு கையால் அதன் தலையை அழுத்திப் பிடியுங்கள். சாய்ந்தால் மறுபடி வழுக்கும். முதலில் இறுக்கும் திசையில் ஒரு சின்ன அழுத்தம், பிறகு கழற்றும் திசையில் சீராகக் கூட்டிக்கொண்டே போங்கள். "டக்" என்ற சத்தத்தோடு விட்டால் துரு உடைந்துவிட்டது. சத்தமே இல்லாமல் ரப்பரைத் திருகுவதுபோல மெத்தென்று வந்தால் உடனே நிறுத்துங்கள். அது கழலவில்லை, தண்டு முறுக்கிக்கொள்கிறது. அடுத்த இழுப்பில் முறியும். எண்ணெயும் தட்டலும் இன்னும் ஒரு சுற்று வேண்டும் என்று பொருள்.

கழன்ற பிறகும் பொறுமை வேண்டும். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, கொஞ்சம் எண்ணெய் என்று முன்னும் பின்னுமாகக் கொண்டு வாருங்கள். உதிர்ந்த துரு மரையில் சேர்ந்து கெட்டியாகாமல் அந்தப் பின்னோக்கிய அசைவு பார்த்துக்கொள்ளும்.

இம்பாக்ட் கன் இருந்தால் துருவுக்கு அது மிகவும் நல்லது. அதன் தொடர் அடி சுத்தியலும் பிரேக்கர் பாரும் சேர்ந்த வேலையைச் செய்யும். மூன்று நான்கு நொடிக்கு மேல் ஒரேயடியாகப் பிடிக்காமல், இரு திசையிலும் மாற்றி மாற்றி அடியுங்கள். அதற்கென்ற கறுப்பு சாக்கெட்தான் போட வேண்டும், பளபளப்பான குரோம் சாக்கெட் தெறித்துக் கண்ணில் படலாம். சாக்கெட் தலையில் ஆடினால் கன்னைத் தொடாதீர்கள், மிச்ச முனையும் போய்விடும்.

டார்ச் பற்றிக் கேட்டீர்கள். லாக் பசை என்றால் வெப்பம் சரியான வைத்தியம்தான். உறுதியான வகைப் பசை சுமார் 250 டிகிரி செல்சியஸில் இளகும், சூடு ஆறுவதற்குள் கழற்றிவிட வேண்டும். துருவுக்கும் வெப்பம் உதவும். ஆனால் அங்கே சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய் அடித்துக் கழற்றுவது நல்லது. விரிந்து சுருங்கும்போதுதான் பிடிப்பு விடுகிறது. போல்ட்டைச் சூடாக்காமல் அதைச் சுற்றியுள்ள உலோகத்தை, அதாவது மரை இருக்கும் பிராக்கெட்டின் காதை, சூடாக்குங்கள். வெளி உலோகம் விரிந்தால்தான் இடைவெளி உண்டாகும். நக்கிள் அலுமினியம் என்றால் டார்ச்சை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அலுமினியம் சிவக்காது. எவ்வளவு சூடாகிவிட்டது என்று கண்ணுக்குத் தெரியாமலேயே வலு இழந்துவிடும். அதற்கு ஹாட் ஏர் கன் போதும், நேரம் மட்டும் கூடுதலாகும்.

நெருப்பு எடுக்கும் முன், அடித்த எண்ணெயை எல்லாம் துடைத்து உலர விடுங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் வயர், பால் ஜாயின்ட் ரப்பர் உறை, வீல் பேரிங்கின் சீல் எல்லாம் ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கின்றன. நகர்த்த முடிந்தவற்றை நகர்த்துங்கள், முடியாததை உலோகத் தகடு வைத்து மறையுங்கள். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தைச் சூடாக்கவே கூடாது. நெருப்பில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும், சிறிய அளவு மூச்சில் போனாலே நுரையீரலைக் கெடுக்கும். குளோரின் இல்லாத வகை தீப்பற்றும். இரண்டுமே நெருப்புக்கு முன் ஆகாது. சூடான போல்ட்டில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். சிவக்கச் சூடான போல்ட்டைத் திரும்ப மாட்டக் கூடாது.

தலை இன்னும் மோசமாக மழுங்கிவிட்டால் 16 மி.மீ. ஆறு பட்டை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். இறுக்கமாக ஏறினால் போதும், அடிக்கிற அடியே துருவையும் உலுக்கும். உட்புறம் சுருள் பற்கள் கொண்ட எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் இன்னும் நம்பகமானது. திருப்பத் திருப்ப அது தலையைக் கடித்துப் பிடிக்கும். அதுவும் வழுக்கினால், தலையின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உள்ளே வெல்டு செய்து திருப்புவது கடைசி நல்ல வழி. வெல்டிங்கின் சூடும் சேர்ந்து உதவும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, எர்த் கிளாம்பை அதே நக்கிளில் போல்ட்டுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். தொலைவில் மாட்டினால் மின்சாரம் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

தலையை வெட்டலாமா என்பதற்குப் பதில் உங்கள் வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. மரை பிராக்கெட்டில் இருந்தால் வெட்டலாம். தலை போனதும் இழுவிசை போய்விடும், பிராக்கெட் உருவி வரும், மிச்சத் தண்டைப் பெரும்பாலும் வைஸ் கிரிப்பாலேயே திருப்பி எடுத்துவிடலாம். வராவிட்டாலும் நஷ்டம் ஒரு பிராக்கெட்தான், அது தனியாகக் கிடைக்கும். மரை நக்கிளில் இருந்தால் வெட்டாதீர்கள். உள்ளே தங்கும் தண்டைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். துளை ஒரு மி.மீ. விலகினாலும் நக்கிளே மாற வேண்டிவரும். அந்த நிலை வந்தால் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, லேத் வசதி உள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். கழன்ற கீழ் போல்ட்டின் ஓட்டைக்குள் டார்ச் லைட் அடித்துப் பார்த்தால் மரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று இப்போதே தெரியும்.

சுற்றிக்கொண்டே இருந்த கைடு பின் போல்ட்டுக்குக் காரணம் எளிது. போல்ட்டோடு சேர்ந்து பின்னும் சுழன்றிருக்கிறது. ரப்பர் உறைக்கு அருகில், பின்னின் கழுத்தில் இரண்டு பட்டைகள் இருக்கும். அதை மெல்லிய ஓப்பன் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருப்ப வேண்டும். அளவு பெரும்பாலும் 15 முதல் 17 மி.மீ. சாதாரண ஸ்பேனரின் வாய் தடிமனாக இருந்தால் நுழையாது. இந்த வேலையில் ஹோஸ் வந்து சேரும் பேஞ்சோ போல்ட்டைத் தவறுதலாகத் திருப்பிவிடாதீர்கள். பிரேக் ஆயில் கசிந்து காற்று புகுந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது மழுங்கிய போல்ட்டைப் போடாதீர்கள். அந்த வண்டிக்கான புதிய போல்ட்டையே வாங்குங்கள். கடையில் கிடைக்கும் பொது போல்ட் அளவில் பொருந்தினாலும் வலுவில் பொருந்தாமல் போகலாம். சில தயாரிப்பாளர்கள் இந்தப் போல்ட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போடச் சொல்கிறார்கள், உங்கள் கையேட்டில் பாருங்கள். பிராக்கெட்டின் மரையைச் சரியான அளவு டேப்பால் (மரை வெட்டும் கருவி) ஒருமுறை சுத்தம் செய்து, எண்ணெயைத் துடைத்தெடுத்து, முதல் நான்கைந்து சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். லாக் பசை கையேட்டில் சொல்லியிருந்தால் நடுத்தர வகையை இரண்டு சொட்டு தடவுங்கள். மறுபடி துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று மரையில் செம்பு கிரீஸ் பூசுவது பலரின் வழக்கம். இந்தப் போல்ட்டில் அது வேண்டாம். கிரீஸ் உராய்வைக் குறைப்பதால், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் கருவி) அதே எண்ணைக் காட்டும்போதே போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். கைடு பின் போல்ட்டுகளுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் என்ற அளவுதான் வழக்கம். பிராக்கெட் போல்ட்டை இறுக்கிய கையோடு அதே கம்பியை இதிலும் போட்டால் முறிந்துவிடும். கைடு பின்னில் பூச சிலிக்கான் வகை பிரேக் கிரீஸ் வாங்குங்கள். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பர் உறையை ஊத வைத்துப் பின்னைச் சிக்க வைக்கும்.

சக்கரம் மாட்டி இறக்கியதும், வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை மிதியுங்கள். புதிய பேட்டுக்கு இடம் தர காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் சில மிதிக்குப் பெடல் அடிவரை போகும்.

வலப்பக்கத்துக்கு இன்று மாலையே வேலை இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பிராக்கெட் போல்ட்டின் வால்முனையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் அடித்துத் தட்டி, படுக்கப் போகும் முன் இன்னொரு முறை அடித்து, சக்கரத்தை மாட்டி வையுங்கள். அந்தப் பக்கம் டிஸ்க்கிலும் பேட்டிலும் எண்ணெய் பட்டிருக்கும் என்பதால், வேலை முடியும்வரை வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது. காலையில் காலிப்பரைக் கழற்றுவதற்கு முன்பாகவே, ஆறு பட்டை சாக்கெட்டை இடம் தந்தால் நுழைத்து, பிராக்கெட் போல்ட்டுகளை முதலில் தளர்த்திப் பாருங்கள். அவை கழலாவிட்டால் எதையும் பிரிக்காமல் சக்கரத்தை மாட்டிவிட்டு இன்னொரு நாள் ஊறவிடலாம்.